வெளுத்துக் கெடக்கு

மேகம் பார்க்கிற வேலை என்று சொன்னால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் சித்தப்பா முறையுள்ள ஒருவர், "அதுக்குப் போயி சம்பளமா? நாங்க சும்மாவே பாக்குறோமே" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. "நீங்க கீழ இருந்து பாக்குறீங்க சித்தப்பா, நான் மேல இருந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் பாயசம் வருவதற்கு முன்பே எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த என் தங்கை என் பங்குப் பாயசத்தையும் சேர்த்துக் குடித்துவிட்டுத்தான் வந்தாள்.

சொந்த ஊர் மேல்மலையில், பூண்டும் உருளைக்கிழங்கும் போடுகிற ஊர். அங்கே நெட் நிற்காது என்பதால் செண்பகனூரில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு தனியார் கம்பெனிக்காக விமானப் பாதைகளுக்கு வானிலை பார்த்துச் சொல்கிறேன். என் தங்கை விமானத்துக்குள்ளேயே வேலை பார்த்தாள். இருபத்தாறு வயதிலும் வீட்டில் அவள் பாப்பாதான். பயணிகளுக்குச் சாப்பாடு கொடுப்பது, பெல்ட் போடச் சொல்வது, கதவைச் சாத்துவது எல்லாம் அவள் சோலி. "பஸ்ஸுக்குக் கண்டக்டர் மாதிரி" என்று அம்மா ஊரில் விளக்கம் சொல்வாள். பாப்பா தலையில் அடித்துக்கொள்வாள்.

விமானம் குலுங்கினால் பெல்ட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கு வயிறு கலங்கும், அவ்வளவுதான். ஆபத்தெல்லாம் நிற்கிறவருக்கு. என் தங்கை நின்றபடி வேலை பார்க்கிறவள். அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இருந்த ஒரே பயம் அதுதான்.

மேகத்துக்குள் குலுங்கினால்கூடப் பரவாயில்லை, விமானி ரேடாரில் பார்த்து ஒதுங்கிப் போய்விடுவார். மேகமே இல்லாத இடத்தில் குலுங்குவதுதான் கள்ளத்தனம். வெளியே நல்ல வெயில் அடிக்கும், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீலமாகத் தெரியும், திடீரென்று பிடித்து உலுக்கும். உயரத்தில் வேகமாக ஓடுகிற காற்றும் அதை ஒட்டி மெதுவாகப் போகிற காற்றும் உரசுகிற இடத்தில் அது நடக்கிறது. காற்றைப் படம் பிடிக்க முடியாது. ஆனால் அது பக்கத்தில் இருக்கிற மேகத்தை என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று செயற்கைக்கோள் படத்தில் பார்க்கலாம். மெல்லிய உயரமேகம் ஒரு பக்கம் கத்தியால் அறுத்ததுபோல் முடிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். அதே மேகம் காற்றுக்குக் குறுக்கே வரி வரியாக, பூண்டுக்குப் பாத்தி கட்டிய மாதிரி இருந்தால் சந்தேகமே வேண்டாம், எச்சரித்துவிட வேண்டும். எச்சரித்த இடத்தில் எல்லாம் குலுங்கிவிடாது. குலுங்காவிட்டால் பேச்சு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

நாங்கள் அதிகம் பார்ப்பது வெப்பத்தை வைத்து எடுக்கிற கறுப்பு வெள்ளைப் படம். உறைந்து போன உயரமேகம் அதில் வெள்ளையாகத் தெரியும். மேகமில்லாத இடம் கறுப்பாகத் தெரியும். அதனால் எங்கள் வேலைப் பேச்சில் வெளுப்பு என்றால் மேகம். இங்கே வெளுக்கிறது, அங்கே வெளுத்துக்கொண்டு வருகிறது என்று எட்டு மணி நேரமும் இதே பேச்சுதான்.

பாப்பாவின் விமானக் கம்பெனிக்கும் எங்கள் கம்பெனிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவர்களுக்கு அவர்கள் ஆட்கள் பார்த்துச் சொல்வார்கள். ஆனாலும் ஒவ்வொரு நாளும் விமானத்தில் ஏறுவதற்கு முன்னால் எங்கிருந்து எங்கே என்று எனக்கு ஒரு மெசேஜ் போடுவாள். நான் படத்தைப் பார்த்துவிட்டு, ஆட்டம் இருக்காது என்று தோன்றினால் "எந்திரி" என்றும், இருக்கும் என்று தோன்றினால் "உக்காரு" என்றும் அனுப்புவேன். உக்காரு என்றால், விமானம் மேலே ஏறி முடிக்கிறவரை தன் இருக்கையைவிட்டு எழுந்திருக்காமல் எவ்வளவு இழுத்தடிக்க முடியுமோ அவ்வளவு இழுத்தடிக்க வேண்டும்.

தீபாவளிக்கு வந்தவள் என்னோடு சண்டை பிடித்தாள். நான் தொட்டதற்கெல்லாம் உக்காரு உக்காரு என்கிறேனாம், அவள் இழுத்தடிக்கிறாள் என்று மேலே உள்ளவர் கண்டிக்கிறாராம், பின்பக்கத்துக்கு இப்போது அவள்தான் பொறுப்பாம். "இனிமே உத்தரவு போடாதக்கா. என்ன பாத்தியோ அதை மட்டும் சொல்லு, நான் முடிவு பண்ணிக்கிறேன்" என்றாள். நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. நல்லது, பார்த்ததை மட்டும் சொல்கிறேன், முடிவை நீயே பண்ணிக்கொள் தாயே என்றேன். அந்த ரோஷத்தை இன்றைக்கு நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தை மாதம். எனக்கு அன்று விடுப்பு. அப்பாவுக்கு பிரஷர் மாத்திரை வாங்கிக்கொண்டு மேல்மலைக்குக் காலை பஸ்ஸில் ஏறினேன். வெளியே பனிமூட்டம், முன்னால் போகிற ஜீப் தெரியவில்லை. பஸ் நகரத்தை விட்டு வெளியேறுவதற்குள் பாப்பாவின் மெசேஜ் வந்தது. டெல்லியிலிருந்து மதுரை, இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவைச் சாத்துவோம், எப்படி இருக்கு.

போனில் படத்தைத் திறந்தேன். ஒரே ஒரு படம்தான் இறங்கியது. ராஜஸ்தானிலிருந்து கிழக்கே, டெல்லிக்குத் தெற்கே அவள் ஏறிப் போக வேண்டிய வழியில், உயரமேகம் வெள்ளை வெளேரென்று கிடந்தது. அதன் விளிம்பில் பாத்திகள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஒரு வயல் நிறையப் பாத்திகள். குளிர்காலத்தில் உயரக்காற்று அந்தப் பக்கம்தான் ஓடும். எனக்குச் சந்தேகமே வரவில்லை. டவர் போய்க்கொண்டிருந்தது. பஸ் குலுங்கலில் கட்டை விரலால் வேகமாகத் தட்டினேன்.

"டெல்லிக்குத் தெக்க நல்லா வெளுத்துக் கெடக்கு. பாத்துக்க."

"சரிக்கா" என்று பதில் வந்தது. கூடவே ஒரு கட்டை விரல் படம். நான் போனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தலையைக் கம்பியில் சாய்த்துக்கொண்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அவள் உட்கார்ந்துகொள்வாள் என்று நிம்மதியாகக்கூட இருந்தது.

காட்டுக்குள் ஒரு நிறுத்தத்தில் பஸ் நின்றது. எனக்கு முன் சீட்டில் இருந்த சம்சாரி ஒருவர் உரமூட்டையோடு இறங்கினார். மூட்டையைத் தூக்கிவிட வந்தவரிடம் மேலே பார்த்துக் கையைக் காட்டினார். மூட்டம் கலைந்து மரங்களுக்கு மேல் வெளிச்சம் வந்திருந்தது.

"அதான் வெளுத்துருச்சுல்ல. வெரசாப் போயி மருந்தடிச்சிருவோம்" என்றார்.

மேல்மலையில் வானம் வெளுத்துவிட்டது என்றால் மேகம் போய்விட்டது என்று அர்த்தம். மழை விட்டது, மூட்டம் கலைந்தது, இனி வேலைக்கு இறங்கலாம் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து நானும் பாப்பாவும் கேட்டு வளர்ந்த பேச்சு அது. நான் கம்பெனிப் பேச்சில் எழுதினேன். அவள் ஊர்ப் பேச்சில் படித்திருப்பாள். நல்லா வெளுத்துக் கெடக்கு. நன்றாகத் தெளிந்துவிட்டது, தைரியமாக எந்திரி. பாத்துக்க என்று போட்டேனே என்றால், அது நாங்கள் எல்லாப் பேச்சையும் முடிக்கிற சொல். போனை வைக்கும்போதுகூடப் பாத்துக்க என்றுதான் வைப்போம்.

போனை எடுத்தால் டவர் இல்லை. பஸ்ஸை நிறுத்துங்கள் என்று கத்தினேன். கண்டக்டர், இது காட்டுமாடு நடமாடுகிற இடம், இங்கே பொம்பளைப்பிள்ளையை இறக்கிவிட முடியாது, ஊர் வரட்டும் என்றார். பொறுமையாகத்தான் சொன்னார். நான் அவரைப் பேசிய பேச்சை வெளியில் சொல்ல முடியாது. கடைசியில் விசில் அடித்தார். இறங்கி, பஸ் வந்த வழியே திரும்பி ஓடினேன். டவர் கிடைக்கிற வளைவு ஒன்று அந்த ரோட்டில் உண்டு, மேல்மலைக்காரர்கள் வண்டியை நிறுத்திப் பேசுகிற இடம். அது எவ்வளவு தூரம் என்று யோசிக்கவே இல்லை. மலை ரோட்டில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஓடினேன். எல்லாச் சாமியையும் கூப்பிட்டேன். பழனியாண்டவரிடம், அவள் இன்னும் போனை அணைத்திருக்கக் கூடாது, இந்த ஒன்றை மட்டும் செய், வேறு எதுவும் உன்னிடம் கேட்க மாட்டேன் என்றேன்.

வளைவில் ஒரு கோடு டவர் வந்தது. கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று அந்தப் பெண் குரல் சொன்னது. "உக்காரு" என்று அனுப்பினேன். "வெளுப்புன்னா மேகம், உக்காரு" என்று அனுப்பினேன். "பாப்பா உக்காரு" என்று மறுபடியும் மறுபடியும் அனுப்பினேன். எல்லாவற்றுக்கும் ஒற்றை டிக். ஒரு சின்ன டிக் வந்து நின்றுகொண்டு என்னைப் பார்த்தது.

அவளுடைய விமானக் கம்பெனியின் வாடிக்கையாளர் எண்ணைத் தேடிப் பிடித்தேன். டிக்கெட் ரத்து செய்ய ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், சாமான் தொலைந்திருந்தால் இரண்டு. பாட்டு ஓடியது. கடைசியாக வந்தவர் பதிவு எண் என்ன என்று மரியாதையாகக் கேட்டார். அந்த விமானத்தில் இருக்கிற என் தங்கை எழுந்திருக்கக் கூடாது, அதை விமானத்துக்குச் சொல்லுங்கள் என்றேன். அவர் மறுபடியும் பதிவு எண் கேட்டார். அவர் மேல் என்ன தப்பு. ரோட்டோரத்தில் நின்று கத்துகிற ஒரு பைத்தியக்காரி என்று நினைத்திருப்பார்.

எங்கள் கம்பெனியில் அன்று ஷிப்டில் இருந்தவரைக் கூப்பிட்டேன். அவர் படத்தைப் பார்த்தார். ஆமாம், அந்தப் பக்கம் எச்சரிக்கை போட்டிருக்கிறது, எல்லா விமானிகளுக்கும் போயிருக்கும், விமானி தன் ஆட்களிடம் சொல்லாமல் இருப்பாரா, பதறாதீர்கள் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ரோட்டோரக் கட்டையில் உட்கார்ந்தேன். ஒரு நிமிஷம்தான். பிறகு யோசித்தேன். விமானி ஒன்று சொல்லி நான் ஒன்று சொன்னால் பாப்பா யாரை நம்புவாள்? பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதையே என்னிடம் வந்து சரிபார்த்த பிள்ளை அவள்.

விமானங்கள் எங்கே போகின்றன என்று காட்டுகிற செயலியைத் திறந்தேன். அவளுடையது கிளம்பிவிட்டது. மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம், தெற்கே நகர்ந்துகொண்டிருந்தது. டவர் போகும், படம் நிற்கும், பிறகு ஒரு குதி குதித்து முன்னால் போயிருக்கும். ஆக்ரா. இப்போது ஏறிக்கொண்டிருப்பார்கள். இப்போது பயணிகளுக்கு முன்னால் பாப்பா ஆட்களை எழுந்திருக்கச் சொல்லி மணி அடித்திருக்கும். எழுந்திருக்காதே, எழுந்திருக்காதே என்று நான் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். காய்கறி ஏற்றிப் போன லாரிக்காரர் ஒருவர் நிறுத்தி, ஏதும் உதவி வேணுமாம்மா என்று கேட்டார். வேண்டாம் அண்ணே என்று கையை ஆட்டினேன். குவாலியருக்குப் பக்கத்தில் வந்தது. இன்னும் கொஞ்சம் போனால் அந்த மேகத்தைத் தாண்டிவிடும். தாண்டிவிட்டால் போதும். என் கண்ணை எடுக்கவில்லை. படம் நின்றது. மறுபடி வந்தபோது மஞ்சள் விமானத்தின் மூக்கு வடக்கே பார்த்து இருந்தது.

டெல்லிக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. யாரும் போன் பண்ணிச் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. விமானம் இறங்கியதும் அவளோடு வேலை பார்க்கிற பெண் என்னைக் கூப்பிட்டபோது, ஹலோ என்றுகூடச் சொல்லாமல் உயிர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். இருக்கிறது என்றாள். அதற்குப் பிறகு அவள் சொன்ன எதுவும் எனக்குக் காதில் ஏறவில்லை.

அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு டெல்லிக்குப் போனேன். அவர்களுக்கு அதுதான் முதல் விமானம். அப்பா ஜன்னலோரத்தில் ஸ்வெட்டருக்கு மேல் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தார். நான் வெளியே பார்க்கவே இல்லை. தண்ணீர் கொண்டுவந்த பெண்ணின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன வேண்டும் என்று குனிந்து கேட்டாள். ஒன்றும் வேண்டாம், நீங்கள் போய் உட்காருங்கள் என்றேன். அவள் சிரித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

விமானம் ஒரே ஒரு தடவைதான் விழுந்து எழுந்திருக்கிறது. பெல்ட் போட்டிருந்த ஒருவருக்கும் கீறல் இல்லை. பாப்பா கூரையில் போய் மோதி, சாப்பாட்டு வண்டியின் விளிம்பில் முதுகு பட விழுந்திருக்கிறாள். ஆபரேஷன் முடிந்துவிட்டது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை, திரும்புமா என்பதை இப்போது சொல்ல முடியாது என்று டாக்டர் இந்தியில் சொன்னார். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நல்லா இருக்காளாம்ப்பா, கொஞ்ச நாள் ஆகுமாம் என்றேன்.

ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். பாப்பா அசையாமல் மல்லாந்து கிடந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் எனக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பித்தாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கிளம்புவதற்கு முன்னால் விமானி, ஏறும்போது ஆட்டம் இருக்கலாம், அவசரப்பட்டு எழுந்திருக்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். இவள்தான் பின்னால் இருந்த இன்னொரு பெண்ணிடம், எங்க அக்கா பார்த்துட்டா, வெளுத்துருச்சாம், வா வெரசா முடிச்சிருவோம் என்று சொல்லி எழுந்திருக்கிறாள். அந்தப் பெண் எழவில்லை. அவளுக்கு ஒன்றுமில்லை.

"நீ என்னக்கா பண்ணுவ. தெளிஞ்ச வானத்துல வர்றது யாருக்குத் தெரியும்? உனக்கே தெரியாம வந்துருச்சு பாரு" என்றாள்.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பாத்தி பாத்தியாகப் பார்த்தேன், வயல் நிறையப் பார்த்தேன். என் கையில் அவளுடைய சாமான்களை ஆஸ்பத்திரியில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் பை இருந்தது. அதற்குள் அவள் போன், அன்று காலை அவள் அணைத்தபடியே. நான் அனுப்பியவை எல்லாம் அதற்குள் வந்து இறங்கக் காத்துக்கொண்டிருந்தன. என் போனிலிருந்தே அவற்றை நான் அழித்திருக்கலாம். டெல்லிக்கு வருகிற வழியெல்லாம் அழிக்கலாமா என்று நினைத்தேன், விரலைக்கூட வைத்தேன். அழித்தால் இனி ஆயுசுக்கும் அவள் ஆறுதல் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவள் போனை ஆன் பண்ணி அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

அது விட்டுவிட்டுச் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது. அவள் போனை முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு மேலே தள்ளி, முதலில் நான் அனுப்பியதை மறுபடியும் படித்தாள். அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தான் தப்பாப் படிச்சுட்டேனாக்கா?" என்றாள்.

"இல்லடி. நீ சரியாத்தான் படிச்ச. நான் தப்பா எழுதிட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. அவள் கண்ணின் ஓரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. மல்லாந்து கிடப்பவளுக்கு வேறு எங்கே போகும், நான்தான் துடைத்துவிட்டேன். கதவுக்கு வெளியே கண்ணாடி வழியாக அப்பா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உதட்டை அசைக்காமல் என்னிடம் பேசினாள்.

"அப்பாகிட்ட இத சொல்லிராத. ஒரு நாளைக்குப் பத்துத் தடவ அந்த வார்த்தைய சொல்ற மனுசன். அப்புறம் வாயத் தொறக்கவே மாட்டாரு."

நான் சொல்லவில்லை. இது நடந்து இரண்டு போகம் பூண்டு எடுத்தாயிற்று. அவளை ஊருக்கே கொண்டுவந்துவிட்டோம். கால்களில் இன்னும் எதுவும் திரும்பவில்லை. டாக்டர்கள் பார்ப்போம் என்கிறார்கள், அம்மா பழனிக்கு நடந்து வருவதாக வேண்டியிருக்கிறாள். லீவு நாட்களில் நான் ஊருக்குப் போய்விடுவேன். காலையில் மூட்டம் கலைந்ததும் அப்பா வாசலிலிருந்து உள்ளே வந்து, "வெளுத்துருச்சு பாப்பா, வெயில்ல கொண்டு போயி விடவா?" என்று கேட்பார். பாப்பா என் பக்கமே பார்க்காமல் "சரிப்பா" என்று இரண்டு கையையும் தூக்குவாள். அவர் அவளை அள்ளிக்கொண்டு போவார்.